பளீலாவின் டிவியைவிடப் பெரிது

எனக்குப் பொறாமை இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கற்பிட்டியில் எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தையல்கார ஹாஜராவுக்கு வாயும் நீளம், வயிற்றெரிச்சலும் நீளம் என்று. சொல்லட்டும். பள்ளிவாசல் ஹஸ்ரத் பயானில் "பொறாமை என்ற ஹசது கொள்ளாதீர்கள், நெருப்பு விறகைத் தின்பதுபோல அது நன்மைகளைத் தின்றுவிடும்" என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போதெல்லாம், எங்கள் வீட்டு யன்னலைப் பார்த்துச் சொல்வதாகவே எனக்குப் படும். யன்னலைச் சாத்திவிட்டுத் தைப்பேன். அவருக்கு ஒரு தங்கை இருந்து, அந்தத் தங்கை பக்கத்து வீட்டில் இருந்து, அவள் வீட்டுச் சுவரில் ஐம்பத்தைந்து அங்குல டிவியும் இருந்திருந்தால் அவர் எப்படிப் பயான் பண்ணுவார் என்று பார்க்க எனக்கு ஆசை.

தங்கையின் பெயர் பளீலா. என்னைவிடப் பத்து வயது இளையவள். எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். மூத்தவள் என்று எனக்குப் பழைய வீட்டைத் தந்தார்கள். பிறகு அதே வளவில் பத்தடி தள்ளி பளீலாவுக்குப் புதுவீடு கட்டினார்கள். எனக்குச் சீமெந்துத் தரை, அவளுக்கு மாபிள். எனக்குக் குசினி வெளியே, அவளுக்கு உள்ளே. கட்டி முடித்த மறுவருடமே உம்மாவும் வாப்பாவும் ஒருவர் பின் ஒருவராக மௌத்தாகிவிட்டார்கள். ஏன் இந்தப் பாரபட்சம் என்று கேட்டுச் சண்டை பிடிக்கவும் எனக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

அவளுடைய மாப்பிள்ளை ரஸாக் கட்டாரில் ஏசி திருத்துகிறவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். என் மாப்பிள்ளை முத்தலிபுக்கு ஊர் ஓரத்து உப்பளத்தில் வேலை. அவர் மன்னார்க்காரர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது உடுத்த துணியோடு இங்கே வந்த சனத்தில் ஒருவர். சண்டை முடிந்து பாதை திறந்ததும் ஒருமுறை போய்த் தங்கள் பழைய வளவைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தார். "உன்ட வூடு இங்கதானே, நான் அங்க போய் என்ன செய்ய" என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதரோடு சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்படி ஒருவரைக் கட்டினவளுக்குத்தான் தெரியும்.

எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் கொழும்பில் கடையில் நிற்கிறான், நடுவிலான் மதரசாவில் தங்கி ஓதுகிறான். வீட்டில் மிச்சம் இருந்தது அஸ்ரியா ஒருத்திதான், எட்டு வயது. இருந்தது என்று சொல்கிறேனே, அதுதான் கதை. அவள் இருந்தது என் வீட்டில் இல்லை.

புருஷன் வெளிநாட்டில் இருக்கும் பெண் வீட்டில் தனியாகப் படுக்க மாட்டாள். சொந்தத்தில் ஒரு பெண் பிள்ளையைத் துணைக்கு அனுப்புவார்கள். ஊர் வழக்கம் அது. ரஸாக் முதல்முறை போனபோது அஸ்ரியாவை அனுப்பியது நான்தான். அவளுடைய தலையணையை நானே கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்ப் பளீலாவின் கட்டிலில் போட்டேன். "சாச்சியத் தனிய உட்டுட்டு ஓடி வந்துடாத" என்று புத்தியும் சொன்னேன். ஊரிலே யாரும் என்னைக் குறை சொல்ல முடியாதபடி நல்ல மூத்தவளாக நடந்தேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

முதலில் ராத்திரிக்கு மட்டும் போனாள். போன லீவில் ரஸாக் அந்த டிவியைக் கொண்டுவந்து சுவரில் பூட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அங்கே படம். அந்தி மஃரிப் தொழுத கையோடு அஸ்ரியா போவாள், பின்னாலேயே முத்தலிபும் போவார். "தலையிடிக்குது" என்று நான் வீட்டில் இருப்பேன். பத்தடி தூரத்தில் அவர் சிரிக்கிற சத்தம் கேட்கும். என் வீட்டில் அந்த மனிதர் அப்படிச் சிரித்ததே இல்லை. பிறகு பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போனாள். பிறகு பல் தீட்டும் பிரஷ் அங்கே போயிற்று, சப்பாத்துப் போயிற்று, கொப்பி புத்தகம் போயிற்று. தலை பின்னக் கூப்பிட்டால் "சாச்சி பின்னிட்டாங்க உம்மா" என்பாள். பார்த்தால் இரட்டைப் பின்னல், நுனியில் ரிப்பன், ஒரு மயிர் பிசகாமல். எனக்கு வயிறு பற்றி எரியும்.

ஒருநாள் பின்னேரம் வந்தாள். குசினி வாசலில் நின்றாள். "உம்மா, ஒரு பிஸ்கட் எடுக்கட்டா?" என்று கேட்டாள்.

எந்தப் பிள்ளையாவது தன் வீட்டில் பிஸ்கட் எடுக்க உத்தரவு கேட்குமா? விருந்துக்கு வந்த பிள்ளைதான் கேட்கும். நான் டின்னையே தூக்கிக் கொடுத்தேன். அவள் ஒன்றை மட்டும் எடுத்து, மூடியை ஒழுங்காகப் பூட்டி, நன்றியாக "ஜஸாகல்லாஹ்" சொல்லிவிட்டுப் போனாள். எவ்வளவு நல்ல பழக்கம் பழக்கி வைத்திருக்கிறாள் என் தங்கை. அன்று நான் தைத்த சீருடையில் இரண்டு கையும் ஒரே பக்கத்துக் கையாகிவிட்டது, பிரித்துத் தைத்தேன்.

பிள்ளையைத் திருப்பி அனுப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? அனுப்பியவளே நான். துணைக்கு விட்ட பிள்ளையைப் பறித்தெடுத்தாள் என்று ஊர் சிரிக்கும். அதைவிட, பளீலா "சரி ராத்தா" என்று உடனே தந்துவிடுவாள். அவள் குணம் அப்படி. அவள் தந்து நான் வாங்குவதா? பிள்ளை தானாக வரவேண்டும். அந்த வீட்டில் இருப்பதைவிடப் பெரியதாக ஒன்று என் வீட்டில் இருந்தால் வருவாள் என்று நினைத்தேன்.

எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமே. பளீலா பேங்குக்குப் போன நாளில் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். சட்டை அளக்கிற என் இஞ்சி டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த டிவியை அளந்தேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நாற்பத்தெட்டு. மறுபடி அளந்தேன். நாற்பத்தெட்டேதான். ஐம்பத்தைந்து என்று ரஸாக் ஊரெல்லாம் சொன்னதில் ஏழு அங்குலம் பொய். அன்று முழுக்க எனக்கு வாயெல்லாம் பல்.

அந்தச் சந்தோசத்தை யூஜீனியா டீச்சர் கெடுத்தார். அவர் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், பதினைந்து வருடமாகச் சட்டை தைக்க என்னிடம்தான் வருவார். வந்தவரிடம் டிவியை அளந்த கதையைச் சொன்னேன்.

"மூலைக்கு மூலைதான் அளக்கிறது ஹாஜரா. கரைக்குக் கரை இல்லை."

"சட்டையை மூலைக்கு மூலை அளந்தா தைக்கிறம்?"

"சட்டையை நீங்கள் அப்பிடி அளக்க வேண்டாம். டிவியை அப்பிடித்தான் அளக்கிறது. அது அம்பத்தஞ்சுதான்."

என் ஏழு அங்குலமும் போயிற்று. அவ்வளவு பெரிய டிவி வாங்க எங்களால் ஆகாது என்று சொன்னேன். அப்போதுதான் அவர் புரொஜெக்டர் என்ற பேச்சை எடுத்தார். பாடசாலையில் அதை வைத்துத்தான் பிள்ளைகளுக்குப் படம் காட்டுகிறாராம். டிவி விலையில் பாதிக்கும் குறைய வாங்கலாம், சுவர் இருந்தால் போதும் என்றார்.

"எவ்வளவு பெருசு வரும்?" என்று கேட்டேன்.

"அதுதான் முதல் கேள்வியோ? ஆர் பார்க்க வாங்குறீங்கள்?"

"புள்ளைக்கு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் அடுத்த சனிக்கிழமை என்னோடு புத்தளத்துக்குப் பஸ் ஏறினார்.

புத்தளம் டவுனில் நெய்னாரின் கடை. முன்னுக்குச் சார்ஜரும் ஹெட்போனும் தொங்கும். பின்னால் கறுப்புத் திரை போட்ட ஓர் அறை. நெய்னார் எங்களை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டியைத் தட்டினார். சுவரில் மீன்கள் நீந்தின, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கண்ணைப் பறித்தன.

"இருநூறு அங்குலம் வரும் ராத்தா. பெட்டியிலயே எழுதியிரிக்கி."

இருநூறு. பளீலாவின் டிவியை நான்கு தரம் அடுக்கலாம் என்று நினைத்தேன். "இதையே கட்டுங்க" என்று சொல்ல வாய் எடுத்தேன், டீச்சர் எழும்பிப்போய்த் திரையை ஒரு பக்கம் இழுத்துவிட்டார். வெளிச்சம் வந்தது. மீன் ஒன்றுகூட இல்லை. வெறும் சுவர்.

"குகைக்குள்ள வைச்சு எல்லாம் நல்லாத்தான் தெரியும்" என்றார் டீச்சர். "இவவின்ட வீட்டில ஓட்டுக்கு மேலால வெளிச்சம் வரும், றோட்டு லைட்டும் யன்னலுக்கால வரும். அதுக்குத் தாங்கிறதைக் காட்டுங்கோ."

நெய்னார் இரண்டாவதை எடுத்தார். ஒரு சப்பாத்துப் பெட்டி அளவு இருக்கும். திரை விலகியிருந்தும் படம் மங்கலாகவாவது நின்றது. டீச்சர் அதோடும் விடவில்லை. பெட்டியில் எழுதியிருந்த பெரிய இலக்கத்தைக் காட்டி, "இது எடுத்துக்கொள்ளுற படத்தின்ட அளவு. இது காட்டுற அளவு எவ்வளவு? அதைச் சொல்லுங்கோ" என்றார். நெய்னார் தலையைச் சொறிந்துவிட்டு, "அது எண்ணூறுக்கு நானூத்தி எண்பது புள்ளி டீச்சர்" என்றார். "சரி, உண்மை வந்திட்டுது. இந்தக் காசுக்கு அதுதான் வரும்" என்றார் டீச்சர். பிறகு காதைப் பெட்டியருகே வைத்துக் காற்றாடியின் இரைச்சலைக் கேட்டார். அதன் ஸ்பீக்கரை நம்ப வேண்டாம், வீட்டு ரேடியோ செட்டில் வயர் கொடுங்கள் என்றார். மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. பட்டப்பகலிலும் பளிச்சென்று தெரிந்தது. விலையைக் கேட்டதும் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மற்றவள் கழுத்து நகையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டு, நடுவிலானையே எடுத்தேன். பதினெட்டாயிரம். இரண்டு மாதம் தைத்த காசு.

"ஒன்பதடி தள்ளி வைங்க, எழுபது அங்குலம் விழும்" என்றார் நெய்னார். "அதுதான் தெளிவு. இன்னும் தள்ளினா இன்னும் பெருசாகும், ஆனா வெளிறிப்போகும்."

"நூறு வர எத்தின அடி?"

"பன்னிரண்டு, பதிமூணு. வேணாம் ராத்தா. நீங்க படம் பாக்கவா வாங்குறீங்க, அளக்கவா?"

டீச்சர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து அறையை அளந்தேன். தையல் மெஷின் நிற்கும் இடம் வரைக்கும் பதினொன்றரை அடி. மெஷினைத் தூக்கி வெளிவிறாந்தையில் போட்டால் பதின்மூன்று. பதினைந்து வருடம் எனக்குச் சோறு போட்ட மெஷினைக் கடல் காற்றில் தள்ளினேன். முத்தலிபு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்தது சுவர். பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவர் படத்துக்கு ஆகாது. பெயின்ட் வாங்கக் கையில் இல்லை. முத்தலிபு சிப்பிச் சுண்ணாம்பு கொண்டுவந்து கரைத்தார். உப்பளத்துக்காரர்கள் சுண்ணாம்பு அடித்தால் அதில் உப்புப் போடுவார்கள். உதிராமல் பிடிக்கும், வெள்ளையும் கூடும். வாளிக்கு ஒரு சிரட்டை உப்பு என்பது அவர்கள் கணக்கு. அடித்துக் காய்ந்ததும் பார்த்தேன், வெள்ளைதான். ஆனால் பளீலாவின் புதுவீட்டுச் சுவரும் வெள்ளைதானே.

"இன்னும் உப்பு போடுங்க" என்றேன்.

"போதும் புள்ள. இது போன கிழமை வாரின உப்பு. கசப்புத் தண்ணி இன்னும் வடியல்ல. கூடப் போட்டா ஈரத்த இழுக்கும்."

"எங்க ஈரம்? வானத்தப் பாருங்க, ஒரு பொட்டு மேகம் இரிக்கா?"

"காத்துல இரிக்கும் ஹாஜரா."

"உங்களுக்கு நான் சொல்லி ஒரு வேலை செய்ய ஏலாது. பளீலா சொன்னாச் செய்வீங்க."

அவர் உப்பு மூட்டையின் வாயை அவிழ்த்தார். நானே அள்ளி அள்ளிப் போட்டேன். இரண்டு பூச்சு அடித்தோம். மறுநாள் மத்தியானம் யன்னலால் வெயில் விழுந்தபோது அந்தச் சுவர் முழுக்க மின்னியது. எதிர்வீட்டு சாரா உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தன் கடைசி மகள் ரிப்காவையும் இழுத்துக்கொண்டு வந்து பார்த்தார். "மாஷா அல்லாஹ் சொல்லு புள்ள, கண்ணூறு பட்டுடும்" என்றார். சொன்னேன். மனதுக்குள், பளீலா பார்க்கட்டும் என்றும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. பளீலாவை நான்தான் போய்க் கூப்பிட்டேன். அவள் பார்க்காவிட்டால் இவ்வளவும் எதற்கு? வட்டிலப்பம் செய்து கொண்டு வந்தாள். சாரா உம்மாவும் ரிப்காவும் வந்தார்கள். அஸ்ரியா தலையணையோடு வந்தாள். படம் பார்க்கும்போது அவள் கட்டிப்பிடித்துக்கொள்ளும் தலையணை அது. நான் அவளைக் கையைப் பிடித்து என் பக்கத்தில் பாயில் இருத்தினேன். பின்னேரம் சின்னதாக ஒரு தூறல் தூறிவிட்டுப் போயிருந்தது, கடல் பக்கமிருந்து புழுக்கமான காற்று வந்துகொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை.

முத்தலிபு விளக்கை அணைத்தார். படம் விழுந்தது. பேய் பிடித்த ஒரு பஸ் கண்டக்டரின் கதை. சுவரின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரைக்கும் பஸ். "உம்மா, எவ்வளவு பெருசு" என்று அஸ்ரியா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கால் மணித்தியாலத்தை நான் என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். பிள்ளை என் மேல் சாய்ந்திருந்தாள். பின்னால் அவர் சிரித்தார், என் வீட்டில். நான் படத்தைப் பார்க்கவில்லை, பளீலாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்டக்டரின் காதுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு வந்தது. முதலில் படத்தில் உள்ளதென்று நினைத்தேன். பஸ் போய், வீடு வந்து, பாட்டு வந்தது. பொட்டுப் போகவில்லை. அது பெருத்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு சுவர் முழுக்க வியர்த்தது. கதாநாயகியின் கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு இறங்கி நாடி வரைக்கும் வடிந்தது. பேய் வந்தபோது பேய்க்கும் முகம் இல்லை. முத்தலிபு எழும்பி ஒரு துவாயால் ஒற்றினார். துவாயோடு சுண்ணாம்பும் வந்தது.

"பரவாயில்ல ராத்தா" என்றாள் பளீலா. "பெருசாத்தானே தெரியுது."

அவள் மனதாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நக்கலாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அப்போது அஸ்ரியா என் மேலிருந்து எழும்பினாள். தலையணையை எடுத்துக்கொண்டாள். "சாச்சி, மிச்சத்த நம்மட வூட்டுல போய்ப் பார்ப்பமா? அங்க நல்லாத் தெரியும்" என்றாள்.

நம்மட வூடு. அறைந்துவிட்டேன். கையை ஓங்கினது எனக்கே தெரியாது, சத்தம்தான் கேட்டது. சாரா உம்மா வாயில் கையை வைத்தார். சுவரில் கண்டக்டர் மட்டும் கதைத்துக்கொண்டே இருந்தான்.

அஸ்ரியா ஓடினாள். எங்கே ஓடுவாள், பளீலாவின் மடிக்குத்தான். கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். பளீலா அவள் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு பிள்ளையின் கைகளை ஒவ்வொன்றாகக் கழுத்திலிருந்து எடுத்தாள். தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

"இந்தாங்க ராத்தா, உங்கட புள்ள" என்றாள். "இதுக்கு ஒரு மெஷின் வாங்கணுமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே."

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அஸ்ரியா "சாச்சி, சாச்சி" என்று திமிறினாள், என் கையைக் கடித்தாள். நான் விடவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் விடவில்லை. படம் முடிந்து சுவர் நீலமாக நிற்கும் வரைக்கும் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் ஒரு பை வந்தது. பிள்ளையின் உடுப்பெல்லாம் துவைத்து, அயன் பண்ணி, மடித்து. பிரஷ் தனியாகக் கடதாசியில் சுற்றி. கொப்பி புத்தகம், சப்பாத்து, எல்லாம் சரியாக இருந்தன. அன்று மஃரிபுக்குப் பிறகு சாரா உம்மாவின் மகள் ரிப்கா ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எங்கள் வளவைக் கடந்து பளீலாவின் வீட்டுக்குப் போனாள். துணைக்கு. நான் யன்னலால் பார்த்தேன். என் பக்கத்தில் நின்று அஸ்ரியாவும் பார்த்தாள்.

முதல் ஒரு கிழமை பிள்ளை எனக்கு முதுகைக் காட்டித்தான் படுத்தாள். பிறகு திரும்பினாள். பிறகு பிஸ்கட் டின்னைக் கேளாமலே எடுத்தாள், மூடியைப் பூட்டாமலும் விட்டாள். எனக்கு மனம் பூரித்துப்போயிற்று. முத்தலிபு சுவரைச் சுரண்டி, உப்பில்லாமல் வெறும் சுண்ணாம்பு அடித்தார். மெஷினை உள்ளே கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தோம், புரொஜெக்டரை ஒன்பதடிக்கு இழுத்தோம். எழுபது அங்குலம்தான் விழுந்தது, ஆனால் கண்டக்டரின் மீசை மயிரைக்கூட எண்ணலாம். நெய்னார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேரும் பாயில் இருந்து படம் பார்த்தோம். பக்கத்து வீட்டிலிருந்து சத்தமே வருவதில்லை. பளீலா டிவியைப் போடுவதில்லை என்று சாரா உம்மா சொன்னார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

இரண்டு மாதம் இப்படிப் போனது. முத்தலிபுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை என்னிடம் கேளாமலே போய்ப் பளீலாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் வாசலில் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். கையில் ரிப்காவைப் பிடித்திருந்தாள். ரிப்காவுக்கு இரட்டைப் பின்னல், நுனியில் ரிப்பன், ஒரு மயிர் பிசகவில்லை.

நான் "வா" என்று சொல்லத்தான் எழும்பினேன். எனக்கு முன்னால் அஸ்ரியா எழும்பிவிட்டாள். வாசலில் போய் இரண்டு நிலையிலும் கையை ஊன்றி நின்றாள்.

"சாச்சி வரலாம். அவ வரக்கூடாது."

"ஏன்டி?" என்றாள் பளீலா மெல்ல. "அவளத் தனிய எங்க உடுறது?"

"அவட வூட்ட போகச் சொல்லுங்க. அவவுக்கு உம்மா இரிக்காங்கதானே. அவ ஏன் உங்கட கையப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறா?"

"அஸ்ரியா" என்று முத்தலிபு அதட்டினார். அவர் அதட்டி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவள் அசையவில்லை. ரிப்காவின் பின்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விறுவிறென்று உள்ளே வந்து, சுவரோரமாகப் போய், புரொஜெக்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். சுவரில் இருந்த படம் போயிற்று. வயரைக் கையில் சுற்றிக்கொண்டு, பிளக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"இது எங்கட. சாச்சிட டிவியைவிடப் பெருசு. அவ பார்க்கக் கூடாது."

நாடியை இறுக்கி, கண்ணை இடுக்கி, மூக்கு விடைக்க நின்றாள். அந்த முகத்தை நான் நாள்தோறும் தையல் மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கும் கண்ணாடியில் பார்க்கிறேன். பளீலா ரிப்காவைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனாள்.

முத்தலிபு பிள்ளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"இப்ப உன்ட புள்ளதான்" என்றார்.